நிலாவெளி மணலில் பனையா, தென்னையா?

திருகோணமலைக் கரையோரம் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் காணி வாங்குகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, நிற்கிற பனைகளைத் தறித்துவிட்டுத் தென்னை வைக்கலாமா என்றுதான். தறிப்பதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

காசு சீக்கிரம் வர வேண்டுமென்றால் தென்னைதான். நெட்டைத் தென்னை 6, 7 வருடத்தில் காய்க்கத் தொடங்கும். நன்றாகப் பராமரித்தால் ஒரு மரம் வருடத்துக்கு 50, 60 காய் தரும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பறிக்கலாம். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாய்க்குப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பனைக்கோ 12, 15 வருடம், சில நேரம் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். பாளை வரும்வரை ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ‘தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்று சும்மாவா சொன்னார்கள்!

சரி, தண்ணீருக்கு என்ன செய்வது? திருகோணமலைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து தை வரைதான். வைகாசிக்குப் பிறகு கச்சான் என்கிற காய்ந்த தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் மணல் கொதிக்கும். அந்த மாதங்களில் தண்ணீர் விடாத தென்னை குரும்பட்டியை, அதாவது பிஞ்சுக் காயை, கொட்டிவிடும், அந்த வறட்சியின் பாதிப்பு அடுத்த வருடக் காயிலும் தெரியும். பனைக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றியவரை நான் பார்த்ததில்லை. தேங்காய் விலையைக் கணக்குப் பார்க்கிறவர்கள் பம்புக்கும் பசளைக்கும் போகிற காசையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், பனை தருவதை எல்லாம் சந்தை விலையில் அளக்கவும் முடியாது. எங்கள் அம்மம்மா பிட்டு அவித்தது பனையோலை நீத்துப்பெட்டியில்தான். கூம்பு மாதிரி இருக்கும். மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறிப் போட்டு, கொதிக்கிற பானை வாயில் இறக்கி வைப்பார். ஆவி ஓலை இடுக்கால் ஏறி வரும்போது வருகிற வாசம் அலுமினியக் குழலில் வருவதே இல்லை. அந்தப் பிட்டில் தென்னையும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏற ஆள் கிடைப்பதில்லை என்பது இரண்டு மரத்துக்கும் உள்ள குறை. கள்ளும் கருப்பநீரும் (பதநீர்) பனங்கட்டியும் ஏறுகிறவரை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் ஆடி, ஆவணியில் பனம்பழம் தானாகவே விழும். களியைப் பிழிந்து பாயில் காயவிட்டால் பினாட்டு. விதையைப் பாத்தியில் அடுக்கி மண் மூடினால் மூன்று, நான்கு மாதத்தில் கிழங்கு. பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவை ஊறவைத்துக் கயர்ப்பை நீக்கி, நண்டும் இறாலும் போட்டுக் கூழ் காய்ச்சினால் ஒரு வீடே வயிறு நிறையும். வீட்டில் இருக்கிற பெண்கள் மரம் ஏறாமலே பார்க்கக்கூடிய வருமானம் இது. கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சுகிற கொட்டையான ஊமல்கூட அடுப்புக்கு உதவும்.

கூரைக்குக் கிடுகு பின்னத் தென்னோலை சுகம், வேலிக்கும் பெட்டி கடகத்துக்கும் பனையோலை. மரம் என்று பார்த்தால் போட்டியே இல்லை. முதிர்ந்த பனையின் வைரம் பழைய வீடுகளில் இன்னும் கூரையைத் தாங்கி நிற்கிறது.

என்னைக் கேட்டால், கிணற்றடியிலும் குசினித் தண்ணீர் ஓடுகிற பக்கமும் நாலைந்து தென்னை வையுங்கள், வீட்டுத் தேவைக்குப் போதும். எல்லையில் நிற்கிற பனையில் கை வைக்காதீர்கள். இடைவெளி இருந்தால் ஆவணியில் பனங்கொட்டை ஊன்றுங்கள், ஆனால் மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே. முளை முதலில் ஆழமாகக் கீழேதான் இறங்கும், பிறகு பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது.