ஜிப் நல்லதா, வெல்க்ரோ நல்லதா?

ஜிப் பிறந்தவுடனே ஒழுங்காக வேலை செய்யவில்லை. 1893-இல் அமெரிக்காவின் விட்கோம்ப் ஜட்சன் காலணிக்காக உருவாக்கிய கொக்கி வரிசை அடிக்கடி திறந்துகொண்டது. சுவீடனில் பிறந்த கிடியன் சுண்ட்பேக் 1913-இல் பற்களை நெருக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு மேடும் ஒரு குழியும் வைத்த பிறகே அதை நம்ப முடிந்தது.

வெல்க்ரோவின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1941-இல் சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது, நம்மூர் நாயுருவி வேட்டியில் ஒட்டுவதுபோல், நாயின் ரோமத்திலும் அவருடைய கால்சட்டையிலும் காய்கள் ஒட்டியிருந்தன. பிய்த்தெறிவதோடு நிற்காமல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்: முள் நுனியெல்லாம் வளைந்த கொக்கிகள்! அதைப் பார்த்து முதலில் பருத்தியில் செய்த கொக்கிகள் சீக்கிரமே தேய்ந்தன. நைலானைச் சூடாக்கிச் செய்தவைதான் நிலைத்தன. காப்புரிமை கிடைக்க 1955 ஆகிவிட்டது.

பொருள் திணித்த பயணப் பைக்கு ஜிப்தான் சரி. ஆனால் நடுவில் ஒரு பல் போனாலும் தொல்லைதான். குழந்தையின் காலணிக்கும், விரல் நடுங்கும் முதியவரின் சட்டைக்கும் வெல்க்ரோவையே வாங்குங்கள். நூலும் முடியும் சேர்ந்து பிடிமானம் குறைந்தால், பழைய டூத் பிரஷ்ஷால் வாரி எடுத்தால் போதும்.