முகவரியைச் சரிபார்ப்பதா, டொமைனைச் சரிபார்ப்பதா?

நிரல்களிலிருந்து மெயில் அனுப்ப உதவும் அமேசான் எஸ்இஎஸ் சேவையில் கணக்குத் திறந்து முதல் மெயிலை அனுப்பப் போனால், அனுப்புநராக எதைப் பதியப் போகிறீர்கள் என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். ஒரே ஒரு மெயில் முகவரியையா, முழு டொமைனையா? செண்ட்கிரிட், போஸ்ட்மார்க் சேவைகளிலும் இதே இரண்டு வழிகள் உண்டு, பெயர்தான் மாறும். எது சீக்கிரம் முடிகிறதோ அதை முடித்துவிட்டுப் பலர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டும் ஒரே சான்றைத்தான் தருகின்றன என்ற எண்ணமே அதற்குக் காரணம். அது தவறு.

முகவரி வழி மிக எளிது. முகவரியைத் தட்டச்சு செய்தால் அந்த இன்பாக்ஸுக்கு ஒரு லிங்க் வரும்; 24 மணி நேரத்துக்குள் அதைச் சொடுக்கினால் வேலை முடிந்தது. டொமைனின் விவரங்களைப் பதிந்து வைக்கும் டிஎன்எஸ் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: @ குறிக்கு முன்னால் உள்ள பகுதியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை எஸ்இஎஸ் பார்க்கும். சோதனைக் கட்டத்துக்கு இந்த வழியே சரி. புதுக் கணக்கு சாண்ட்பாக்ஸ் என்ற சோதனை நிலையில் இருக்கும்வரை 24 மணி நேரத்துக்கு 200 மெயில், நொடிக்கு ஒன்று என்பதுதான் வரம்பு. பெறுபவரின் முகவரியும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே உங்கள் முகவரியையும் கூட வேலை செய்பவரின் முகவரியையும் எப்படியும் இப்படித்தான் பதிவீர்கள்.

ஆனால் அந்தச் சொடுக்கு எதை நிரூபிக்கிறது? அந்த இன்பாக்ஸை உங்களால் திறக்க முடியும் என்பதை மட்டும். அதுவும் எஸ்இஎஸ்ஸுக்கு மட்டும். மெயிலை வாங்கிக்கொள்ளும் சர்வருக்கு நீங்கள் லிங்கைச் சொடுக்கிய சங்கதியே தெரியாது.

ஒருமுறை செய்து பாருங்கள். உங்கள் ஜிமெயில் முகவரியைச் சரிபார்த்து, எஸ்இஎஸ் வழியாக உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, அதன் மூல வடிவத்தைத் திறங்கள். எஸ்பிஎஃப் (அனுப்பிய சர்வருக்கு டொமைன் அனுமதி தந்திருக்கிறதா என்ற சோதனை) தேறியிருக்கும், டிகிமும் (மெயிலில் உள்ள டொமைனின் டிஜிட்டல் கையொப்பச் சோதனை) தேறியிருக்கும், டிமார்க் மட்டும் தோற்றிருக்கும். தேறிய இரண்டும் அமேசான்எஸ்இஎஸ்.காம் என்ற டொமைனின் பெயரில் தேறியவை. அனுப்புநர் வரியில் இருப்பதோ ஜிமெயில்.காம். இந்த இரண்டு டொமைன்களும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் டிமார்க்கின் வேலை. யாஹூ 2014லேயே தன் டொமைனுக்கு, டிமார்க்கில் தோற்கும் மெயிலை ஏற்க வேண்டாம் என்ற நிராகரிப்புக் கொள்கையை வைத்துவிட்டது. அதனால் யாஹூ முகவரியை எஸ்இஎஸ் பச்சைக் குறியோடு ஏற்றுக்கொண்டாலும், அதிலிருந்து போகும் மெயில் மறுமுனையில் திருப்பி அனுப்பப்படலாம்.

டொமைன் வழியில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். எஸ்இஎஸ் மூன்று சிநேம் ரெக்கார்டுகளை (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் பதிவுகளை) தரும்; அவற்றை டிஎன்எஸ்ஸில் சேர்க்க வேண்டும். நான் முதல்முறை செய்தபோது ஒரு நாள் முழுக்க 'நிலுவையில்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. 72 மணி நேரம்வரை ஆகலாம் என்று படித்திருந்ததால் பொறுமையாக இருந்தேன். பிறகு டிஎன்எஸ் பதிவுகளைத் தேடும் டிக் கட்டளையில் தேடிப் பார்த்தபோதுதான் பிழை புரிந்தது. பெயர்க் கட்டத்தில் முழுப் பெயரையும் ஒட்டியிருந்தேன். டிஎன்எஸ் பேனல் தன் பங்குக்கு டொமைனை இன்னொரு முறை பின்னால் சேர்த்துவிட்டது. '_டொமைன்கீ' என்ற பகுதியோடு நிறுத்தியிருக்க வேண்டும். திருத்திய சிறிது நேரத்தில் சரிபார்ப்பு முடிந்தது. 72 மணி நேரத்தை நம்பிக் காத்திருக்காமல், சேர்த்த உடனே தேடிப் பார்த்துவிடுங்கள்.

இந்த உழைப்புக்குக் கிடைப்பது பெரிது. உங்கள் டொமைனின் பெயரிலேயே டிகிம் கையொப்பம் விழும். டிமார்க் தேற அது ஒன்றே போதும். எஸ்பிஎஃப்பும் பொருந்த வேண்டுமென்றால், ஒரு துணை டொமைனில் எம்எக்ஸ் ரெக்கார்டு ஒன்றும் டெக்ஸ்ட் ரெக்கார்டு ஒன்றும் வைத்து, எஸ்பிஎஃப் பார்க்கும் மெயில் ஃப்ரம் டொமைனையும் உங்களுடையதாக்கிக் கொள்ளலாம். டொமைனுக்குக் கீழே உள்ள எந்த முகவரியிலிருந்தும், துணை டொமைன்களிலிருந்தும் தனியாகச் சரிபார்க்காமலே அனுப்பலாம். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. தனி முகவரிச் சரிபார்ப்பு மட்டும் அந்த அளவுக்கு ஈடுகொடுக்காது.

முகவரி வழிக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. டொமைனைச் சரிபார்த்துவிட்டால், அந்தக் கணக்கின் சாவி கையில் உள்ள எந்த நிரலும் நிர்வாகியின் முகவரியிலிருந்துகூட மெயில் அனுப்ப முடியும். உண்மையான ஆபத்துதான். ஆனால் அதற்காக டொமைன் வழியைக் கைவிட வேண்டியதில்லை. எந்தச் சாவி எந்த அனுப்புநர் முகவரியைப் பயன்படுத்தலாம் என்று, அமேசானில் அனுமதிகளை வரையறுக்கும் ஐஏஎம் கொள்கையில் ஒரு நிபந்தனை போட்டுப் பூட்டிவிடலாம். நான் ஒவ்வொரு நிரலுக்கும் தனிச் சாவி, ஒரே ஒரு முகவரி என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு வழியிலும் சரிபார்ப்பு அந்தந்த ரீஜனுக்குள் (அமேசானின் சர்வர்கள் இருக்கும் வட்டாரத்துக்குள்) மட்டுமே செல்லும். ரீஜன் மாறினால் முகவரிக்கு மறுபடி லிங்க் வரும். டொமைனுக்கு வேறு மூன்று சிநேம்கள் வரும். பழையவையும் புதியவையும் டிஎன்எஸ்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் சேர்ந்தே இருக்கலாம். பழைய ரீஜனிலிருந்து கிளம்பிய கடைசி மெயில் போய்ச் சேரும்வரை பழைய மூன்றையும் அழித்துவிடாதீர்கள்.