ஹெலிகாப்டரா, மாடிப்படியா?

புதுச்சேரி பக்கம் செரினிட்டி பீச்சில் சர்ஃபிங் வீடியோ எடுக்கும் தம்பிகளுக்குப் பனிச்சறுக்குப் படங்களைப் பார்க்கச் சொல்வேன். கடல் தானாகவே அசையும், பாதி வேலை முடிந்தது. மலை அசையாது. வெறும் வெள்ளைச் சரிவில் வேகத்தையும் பயத்தையும் காட்ட அங்கே ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாக மண்டையை உடைத்துக்கொள்கிறது.

அமெரிக்காவின் டெட்டன் கிராவிட்டி ரிசர்ச் என்ற படக்குழு 90-களின் நடுவில் தொடங்கியது. அலாஸ்காவில் மீன்பிடி வேலை செய்து சேர்த்த காசில் கேமரா வாங்கியவர்கள்; நம்ம ஊருக்கு நெருங்கிய கதைதான். பிறகு அவர்கள் அடையாளமே ஹெலிகாப்டர் ஆகிவிட்டது. ஆடாத கைரோ கேமராவில் முழு மலை, அதில் எறும்பளவு ஆள், அவன் பின்னாலேயே சரிந்து வரும் பனி. முதல் பத்து நிமிடம் வாயைப் பிளந்து பார்க்கலாம். அப்புறம் எந்த மலை எது என்றே தெரியாது. போதாக்குறைக்கு, இன்று கல்யாண வீட்டு ட்ரோனே அந்த வித்தையில் பாதியைக் காட்டிவிடுகிறது.

ஸ்வீட்கிராஸ் குழு 2014-இல் எடுத்த 'ஆஃப்டர்குளோ' வேறு ரகம். ராத்திரி, மலை முழுக்கக் கலர் லைட், எல்இடி உடையில் சறுக்குபவர்கள். கண்ணுக்கு விருந்து. ஆனால் பின்னால் பிலிப்ஸ் டிவியின் விளம்பரப் பணம் இருந்தது. நமக்கு யார் தருவார்கள்?

பிரான்சின் பனிச்சறுக்கு வீரர் காண்டிட் தோவெக்ஸ் ஹெல்மெட்டில் ஒரு சின்ன கேமராவை மாட்டிக்கொண்டு இறங்கியே உலகத்தைக் கட்டிப்போட்டார். கேமரா மலிவு, ஆள் மலிவில்லை.

என் ஓட்டு கனடாவின் ஷெர்பாஸ் சினிமா குழுவுக்கு. 2011-இல் வந்த 'ஆல்.ஐ.கேன்' படத்தில் ஜே.பி. ஓக்ளேர் என்ற சறுக்கு வீரர் ஊருக்குள்ளேயே சறுக்கும் பகுதியை மட்டுமாவது பாருங்கள். தெரு, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, வீட்டோரம் குவிந்த அழுக்குப் பனி. கேமராவும் கூடவே நகர்கிறது. அடுத்த திருப்பத்தில் எதன்மேல் ஏறப்போகிறார் என்று நாமே தேட ஆரம்பித்துவிடுகிறோம். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த மலைகளில் எனக்கு அந்தத் தேடல் வந்ததில்லை. அங்கே எங்கே போகிறார் என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது, கீழே.

நம்மவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். தூண்டில் வளைவுக் கல், ஃபைபர் படகு, வலை எல்லாவற்றையும் ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு, பாலியோ ஹவாயோ என்று சந்தேகப்படும்படி எடுக்கிறார்கள். அடுத்த வீடியோவைப் படகுகளுக்கு நடுவிலிருந்து, பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவதிலிருந்து தொடங்கிப் பாருங்கள். படகுக்கார அண்ணனிடம் முதலில் கேட்டுவிடுங்கள். காயும் வலையை மிதித்தால் சவுண்ட் ட்ராக்கையும் அவரே போட்டுவிடுவார்.