ஆய்வுக் கமிட்டி உறுப்பினரை மாற்றித் தரும் சேவை: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

முனைவர் பட்டத்தின் கடைசி வருஷம், ஐந்து அத்தியாயத்தில் நான்கு எழுதி முடித்த நேரத்தில், என் ஆய்வைப் படித்து மதிப்பிடும் கமிட்டியில் இருந்த ஒரு பேராசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகப்போவதாகச் சொன்னார். நல்ல மனிதர். அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நான் இருக்கணுமா, வேற ஆளைப் போடணுமான்னு கைடுகிட்ட பேசிட்டு முடிவு பண்ணுப்பா, எனக்கு எதுவானாலும் சம்மதம்" என்றார். மாற்றுவதென்று முடிவானது. அதற்காக எங்கள் ஆராய்ச்சி மாணவர் அலுவலகத்தின் சேவையைப் பயன்படுத்தினேன்.

படிவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே பக்கம்: பழையவர் பெயர், புதியவர் பெயர், காரணம், கைடு, துறைத்தலைவர், டீன் கையெழுத்து. எல்லாம் இணையத்திலேயே முடிந்தது, ஒன்பது வேலைநாளில் ஒப்புதல் வந்துவிட்டது. காரணத்துக்கு இரண்டு வரிதான் இடம், நான் "பணி மாற்றம்" என்று மட்டும் எழுதினேன். மனஸ்தாபத்தால் மாற்றுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன், உண்மையாக இருக்கிற, சுருக்கமான ஒரு காரணத்தை எழுதுங்கள். அந்தத் தாள் கோப்பில் கிடக்கும், கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும் படிப்பார்கள். புகார் இருந்தால் அதைத் துறைத்தலைவரிடமோ குறைதீர்க்கும் அலுவலரிடமோ தனியாகக் கொண்டுபோவதுதான் சரி.

இரண்டு நட்சத்திரத்தைக் குறைத்தது அதற்கு அப்புறம் நடந்ததற்காக. என் புரொபோசலை, அதாவது ஆய்வுத் திட்டத்தை, பழைய கமிட்டி ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தது, அதனால் புதியவர் அதைப் படித்துத் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. எத்திக்ஸ் (ஆய்வு நெறிமுறை) ஒப்புதலில் பழையவர் பெயரும் இருந்தது, அதற்குத் தனியாக ஒரு திருத்த விண்ணப்பம் போட வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. கமிட்டி மாறிய பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் வைவா (வாய்மொழித் தேர்வு) நடத்தலாம் என்று விதி இருப்பது, தேதி குறித்து, அறை பதிவு செய்யப் போனபோதுதான் தெரிந்தது. மூன்று வாரம் தள்ளிப்போனது. வேலையில் சேரும் தேதியை வைத்துக்கொண்டு காத்திருக்கிற ஒருவருக்கு மூன்று வாரம் என்பது சின்ன விஷயம் இல்லை. படிவத்தின் மேலே மூன்று வரி அச்சடித்திருந்தால் போதும்.

இன்னொன்றும் மனதை உறுத்தியது. ஒப்புதல் வந்த அன்றைக்கே அலுவலகத்திலிருந்து பழையவருக்குத் தானாக ஒரு மின்னஞ்சல் போகிறது: "நீங்கள் இந்தக் குழுவிலிருந்து நீக்கப்பட்டுள்ளீர்கள்." நான்கு வருஷம் என் எழுத்தை வரி வரியாகப் படித்தவருக்கு இந்த வாசகம்! நல்லவேளை, நான் முதல் நாளே நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு வந்திருந்தேன். நீங்களும் படிவம் அனுப்புவதற்கு முன்னால் போய்ப் பேசிவிடுங்கள். அலுவலகம் அந்த வாசகத்தை மாற்றியே ஆகவேண்டும்.

மூன்று நட்சத்திரமாவது மிஞ்சியதற்குக் காரணம் எங்கள் துறையில் மாணவர் விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் மேடம். படிவத்தை அனுப்புவதற்கு முன்னால் வாங்கிப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். பழையவரையே வெளி உறுப்பினராக வைத்துக்கொள்ள முடியாதா? (வேறு இடத்துக்குப் போனவரும் ஓய்வு பெற்றவரும் சிறப்பு அனுமதியோடு தொடரப் பல இடங்களில் வழி இருக்கிறது, கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.) புதியவருக்கு ஆய்வுக் கமிட்டியில் உட்காரும் தகுதி கொடுத்திருக்கிறார்களா? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சில இடங்களில் அது உடனே கிடைக்காது. மூன்றாவது கேள்விதான் என்னைக் காப்பாற்றியது: போகிறவர் எந்தத் துறை? அவர் புள்ளியியல் துறை, என் கமிட்டியில் வேறு துறைக்காரர் அவர் ஒருவர்தான். நான் எங்கள் துறையிலேயே ஒருவரை எழுதி வைத்திருந்தேன். அப்படியே அனுப்பியிருந்தால், வெளித்துறை உறுப்பினர் இல்லை என்று படிவம் திரும்பி வந்திருக்கும்.

அதன்பிறகு புள்ளியியல் துறையிலேயே இன்னொருவரிடம் கேட்டேன். மொத்த ஆய்வேட்டையும் தூக்கி அனுப்பவில்லை. இரண்டு பக்கச் சுருக்கம், எது முடிந்தது, எது பாக்கி, எந்த மாதம் எதைப் படிக்க வேண்டியிருக்கும் என்று ஒரு அட்டவணை, அவ்வளவுதான். இரண்டு நாளில் சம்மதம் சொன்னார். பிறகு மூன்றாம் அத்தியாயத்தை வாங்கிப் படித்துவிட்டு, மாதிரி அளவு கணக்கிட்ட பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால் "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று எழுதித் திருப்பித் தந்தார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஒரு வாரம் உட்கார்ந்து அந்தப் பத்தியைத் திருத்தி எழுதினேன், வைவாவில் முதல் கேள்வியே அதுதான் வந்தது. ஆள் மாறினால் ஆய்வு பாழாகிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அலுவலகத்தைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல மறக்கக்கூடாது. கடைசியில் ஆய்வேட்டின் வடிவத்தைச் சரிபார்க்கிறவர், கையெழுத்துப் பக்கத்தில் இன்னமும் பழையவர் பெயரே இருப்பதைக் கவனித்து, திருப்பி அனுப்பாமல் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். அன்று சாயங்காலமே திருத்திவிட்டேன். கையெழுத்துப் பக்கத்திலிருந்து எடுத்த பழையவர் பெயரை நன்றியுரையில் கைடுக்கு அடுத்த வரியில் சேர்த்தேன்.