79 சதவீதம் வாங்கியவருக்கு எது கைகூடும்: அகமதாபாத்தா, ஐஎஸ்பியா?

"எம்பிஏ படிக்க எனக்கு ஐஐஎம் அகமதாபாத் கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கேட்டின் பர்சென்டைலை, அதாவது எத்தனை சதவீதம் பேரை முந்தினார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். அதை மட்டும் வைத்து ஆரூடம் சொல்வதற்கில்லை. சென்னை ஓஎம்ஆர் சாலையில் எங்கும் பார்க்கக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்வோம்: பத்தாம் வகுப்பில் 79 சதவீதம், பிளஸ் டூ அறிவியல் பிரிவில் 91, பொறியியலில் 72, ஐடி நிறுவனத்தில் நான்கு ஆண்டு வேலை.

ஐஐஎம் அகமதாபாத் தன் கணக்கை ஒளித்து வைப்பதில்லை. அண்மை ஆண்டுகளின் சேர்க்கை விதிப்படி, பத்தாம் வகுப்பில் 70க்கு மேல் 80 வரை எடுத்தவருக்கு 5 புள்ளி. 80ஐத் தாண்டி 90 வரை 8. அதற்கும் மேலே 10. நம்மவருக்கு 5தான். இன்னும் ஒன்றரை சதவீதம் எடுத்திருந்தால் மூன்று புள்ளி கூடியிருக்கும். பதினைந்து வயதில் சமூக அறிவியல் தாளில் விட்ட மதிப்பெண் இருபத்தாறு வயதில் வந்து வழிமறிக்கிறது! பிளஸ் டூவுக்கு முழுப் பத்தும் கிடைத்துவிடும். வேலை அனுபவத்துக்கு உச்சவரம்பு 5 புள்ளி. 36 மாதத்தைத் தாண்டினாலே அது வந்துவிடும். ஆகவே நான்காவது ஆண்டு உழைப்புக்கு அங்கே மதிப்பில்லை. இந்தப் புள்ளிகளோடு கேட் மதிப்பெண்ணும் சேர்ந்துதான் நேர்காணல் அழைப்பு வரும். பழைய குறையை ஈடுகட்ட அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆயுதம் கேட் மட்டுமே. அதுவும் ஆண்டுக்கு ஒரே முறை, 120 நிமிடம். அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த நவம்பர்தான்.

ஹைதராபாத்திலும் மொகாலியிலும் வளாகம் வைத்திருக்கும் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) இப்படிப் புள்ளிப் பட்டியல் போடுவதில்லை. ஜிமேட் அல்லது ஜிஆர்இ என்ற சர்வதேச நுழைவுத் தேர்வின் மதிப்பெண், கட்டுரைகள், பரிந்துரை, நேர்காணல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் அங்கே தனியாக நின்று ஆளைக் கவிழ்க்காது. நான்கு ஆண்டு அனுபவம் ஓராண்டுப் படிப்புக்கு நன்றாகவே பொருந்தும். ஜிமேட்டை 12 மாதத்தில் ஐந்து முறை வரை எழுதலாம், மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். மதிப்பெண் அளவுகோல் மாறிய புதிய ஜிமேட்டின் 645 ஏறக்குறைய பழைய 700க்குச் சமம். பழைய கட் ஆஃப் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆனால் அங்கே வேறொரு சிக்கல் உண்டு. விண்ணப்பக் குவியலில் இதே ஐடி பொறியாளர்கள்தான் ஏராளம். "பத்துப் பேர் குழுவை வழிநடத்தினேன்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாடிக்கையாளரின் பில்லிங் பிழையைக் கண்டுபிடித்து எந்த வேலையை எப்படி மாற்றினார், அதனால் எவ்வளவு மிச்சமானது என்று எழுதினால் படிப்பார்கள். இதைத் தயார்செய்யச் சில மாதங்களாவது வேண்டும். பயிற்சி மையங்கள் விற்கும் அச்சுவார்ப்புக் கட்டுரைகள் இதற்கு உதவாது.

டெல்லி பல்கலைக்கழகத்தின் மேலாண்மைக் கல்லூரியான எஃப்எம்எஸ்ஸை இந்த இரண்டுக்கும் நடுவே மறந்துவிடுகிறார்கள். அதற்கும் கேட் தேர்வுதான், கட்டணமோ மற்ற இரண்டின் அருகில்கூட வராது. இடங்கள் குறைவு என்பதால் போட்டி கடுமை. கேட் எப்படியும் எழுதுபவர் அதற்கும் விண்ணப்பித்து வைக்கலாம்.

நம் 79 சதவீதக்காரருக்கு என் தீர்ப்பு: ஜிமேட்டும் ஐஎஸ்பியும் முதலில், கேட் இரண்டாவது. கல்லூரி இறுதியாண்டில் இருக்கும், எல்லா வகுப்பிலும் 90ஐத் தாண்டிய மாணவிக்கு இதை அப்படியே தலைகீழாகச் சொல்வேன். அனுபவத்துக்கான 5 புள்ளி போனாலும் அவருக்குக் கேட்தான் லாபம்.