வலேஹோ மாடல் கலர்: புதுவைக் காற்றுக்கும் தண்ணீருக்கும் ஒத்துவருமா?

28 மி.மீ. போர்வீரர் பொம்மைகளுக்கு உள்ளூர் கிராஃப்ட் அக்ரிலிக் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பீடத்துக்கும் மரத்துக்கும் போதும். கைமடிப்பு, குறுக்குப்பட்டை, பொத்தான் என்று வந்தால் போதாது. அதில் நிறமி கொஞ்சம் பருமன். அடி மறைய நாலைந்து பூச்சு ஆகும், அதற்குள் மூக்கும் உதடும் பெயிண்டில் முழுகிவிடும். ஸ்பெயின் தயாரிப்பான வலேஹோ மாடல் கலர் அந்த இடத்தில்தான் வாங்கிய காசுக்கு வேலை செய்கிறது. மெல்லிய இரண்டு பூச்சிலேயே பெரும்பாலான நிறங்கள் அடியை மறைக்கும், பளபளப்பில்லாமல் காயும்.

பாட்டிலைக் குலுக்காமல் திறக்கக் கூடாது. நிறமி அடியில் தங்கி, அதைத் தாங்கும் திரவமான மீடியம் மேலே நிற்கும். அப்படியே சொட்டினால் முதலில் அதுதான் வரும், காய்ந்தபின் அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னும். ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். உள்ளே ஓரிரு குண்டு போட்டால் சீக்கிரம் கலக்கும், ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குண்டாக இருக்க வேண்டும். சைக்கிள் கடை பால்ரஸ் குண்டு துருப்பிடித்து வெள்ளையைப் பழுப்பாக்கிவிடும். பாட்டில் மூக்கு அடைத்தால் குண்டூசியால் குத்துங்கள். பலமாக அமுக்கினால் மூக்கே கழன்று, பாட்டில் பெயிண்ட் மொத்தமும் மேஜையில்தான்.

இங்கே பெரிய தொல்லை தண்ணீர். கடலோரப் பகுதியில் பல வீடுகளின் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் கரைத்த மெல்லிய பூச்சு காய்ந்ததும் மடிப்புகளில் வெள்ளையாகப் படியும், பெயிண்ட் சரியில்லை என்று பழி அதன்மேல் விழும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கிவைத்தால் தீர்ந்தது. அடிப்பூச்சுக்கு இரண்டு சொட்டு பெயிண்டுக்கு ஒரு சொட்டு தண்ணீர். நிழலுக்கு ஒன்றுக்கு ஐந்து, பிரஷ்ஷைத் துணியில் ஒற்றிவிட்டு. சித்திரை வெயிலில் ஃபேன் காற்றில் தட்டிலேயே காய்ந்துவிடும் என்பதால் மூடி இறுகும் டிபன் டப்பா, நனைத்த ஸ்பாஞ்ச், அதன்மேல் பெயிண்டைச் சொட்ட பேக்கிங் பட்டர் பேப்பர் அவசியம். மெழுகு பூசிய தாள் ஆகாது, ஈரத்தை மேலே விடாது. ஐப்பசி, கார்த்திகையில் அதே டப்பா சில நாளில் பூஞ்சை பிடிக்கும், ஸ்பாஞ்சைக் கழுவி மாற்றுங்கள்.

பொம்மையை சோப்புத் தண்ணீரில் கழுவாமல், பெயிண்ட் பிடித்து நிற்க முதலில் பூசும் பிரைமர் அடிக்காமல் தீட்டினால் துப்பாக்கி முனையில் பெயிண்ட் உரியும். மழைக்காலத்தில் ஸ்பிரே பிரைமர் வேண்டாம், ஈரக்காற்றில் மேற்பரப்பு வெளுத்துவிடும். இதே நிறுவனத்தின் பாலியூரித்தேன் பிரைமரைப் பிரஷ்ஷால் மெல்லப் பூசி 24 மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டு உப்புத்தாள் தேய்த்தால் தோல் தோலாக வரும்.

எந்த நிறம் வாங்குவது? 16 பாட்டில் பெட்டிகள் நம் ஊர்ச் சரித்திரத்துக்குப் பாதி வீண். பிரெஞ்சுப் படை என்றதும் நீலம் எடுப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பிரெஞ்சுக் காலாட்படைக்குப் பொதுவாக நீலக் கோட்டு வந்தது புரட்சிக்குப் பிறகு. 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூர் புனித டேவிட் கோட்டையைப் பிடித்த காலத்தில், லொரேன் ரெஜிமென்ட் சாம்பல் கலந்த வெள்ளை, லாலியின் ஐரிஷ் ரெஜிமென்ட் சிவப்பு, கைமடிப்பு பச்சை. வெள்ளைக் கோட்டுக்கு 70.986 டெக் டேன் (எண் பாட்டிலில் இருக்கும்) அடிப்பூச்சு, மடிப்பின் மேட்டில் 70.820 ஆஃப்வொயிட். சுத்த வெள்ளையில் தொடங்கினால் மடிப்பே தெரியாது. சிவப்புக்கு 70.814 அடர்சிவப்பு அடியில், அதன்மேல் 70.957 ஃபிளாட் ரெட் மூன்று மெல்லிய பூச்சு. சிவப்புதான் இந்த வரிசையில் அடியை மறைக்கச் சோம்பும் நிறம். மேட்டு வெளிச்சத்துக்கு வெள்ளை கலந்தால் ரோஸ் ஆகிவிடும், ஆரஞ்சு கலக்க வேண்டும்.

இந்தியச் சிப்பாய்களின் தோலுக்கு ஃபிளெஷ் என்று பெயர் போட்ட வெளிர் பாட்டில்களைத் தொடவே வேண்டாம். 70.872 சாக்லேட் பிரவுன் அடியில், 70.875 பெய்ஜ் பிரவுன் சரிபாதி கலந்து கன்னம், நெற்றி, விரல் முட்டிகளில். கடைசியாக 70.927 டார்க் ஃபிளெஷ் துளி சேர்த்து மூக்கு நுனியில் மட்டும். வெள்ளை சேர்த்தால் முகம் சாம்பல் பூத்துவிடும்.

கடைசியில் பூசும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷும் அடியில் தங்கும் சரக்குதான். குலுக்காமலோ தடிமனாகவோ பூசினால் கறுப்புத் தொப்பியில் பால் படிந்தது போல நிற்கும். பீடத்துக்குக் கடற்கரை மணல் எடுத்தால் நாலைந்து முறை அலசிக் காயவையுங்கள், உப்பு பின்னால் பூக்கும். செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்து, ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து ஒட்டினால் போதும்.

பித்தளைப் பொத்தானுக்கு இந்த வரிசையின் உலோக நிறங்கள் சுமார்தான், துகள் கண்ணுக்குத் தெரியும். துப்பாக்கிக் குழல், வாளுக்கு இதே நிறுவனத்தின் மெட்டல் கலர் வரிசை இன்னும் நைசாக இருக்கும். எதை வாங்கினாலும் அதற்குத் தனிக் கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்துத் தொடும் பச்சையிலும் சிவப்பிலும் ஜிகினா மின்னும்.