முதல் வேலை எங்கே: நகராட்சியா, டி.டி.சி.பி.யா, சி.எம்.டி.ஏ.வா?

நகரமைப்புப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்பது இதைத்தான்: "அண்ணா, முதல் வேலைக்கு எங்க போகட்டும்?" தமிழ்நாட்டில் அரசு வேலை என்றால் முக்கியமாக மூன்று வாசல்கள். நகராட்சி, மாநகராட்சிகளின் நகரமைப்புப் பிரிவு. நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.; சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. மூன்றுக்கும் அடிப்படை 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமே. ஆனால் காலையில் போய் உட்கார்ந்தால் செய்யும் வேலை வேறு வேறு.

பலருடைய கனவு சி.எம்.டி.ஏ.தான். அதில் நியாயம் இருக்கிறது. சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008இல் நடைமுறைக்கு வந்தது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர எல்லை 2022இல் 5,904 ஆக விரிந்தது. இவ்வளவு பெரிய பரப்புக்கு நில உபயோகம், அதாவது எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே வயல் என்று வகுப்பது வேறு எங்கும் எளிதில் கிடைக்காத அனுபவம். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டுமானத்தை மட்டுப்படுத்த வரைபடத்தில் போட்ட எல்லைக் கோடு ஒன்றைப் பாருங்கள். ஊர் குடிக்கும் தண்ணீரை ஒரு கோடு காக்கிறது. நில உபயோக மாற்றம் கேட்டு ஒரு கோப்பு வந்தால் பத்திரிகை அறிவிப்பு, பொதுமக்கள் ஆட்சேபணை, தொழில்நுட்பக் குழு என்று அது படியேறும். அந்தக் கோப்பில் காரணத்தோடு குறிப்பு எழுதப் பழகினால் கை தேர்ந்துவிடும். சந்தேகம் கேட்கப் பக்கத்து மேசையிலேயே மூத்த திட்ட அமைப்பாளர்கள் இருப்பார்கள்.

ஆனால், போன உடனே முழுமைத் திட்டம் வரையலாம் என்று நினைக்காதீர்கள். புதியவர்களுக்குப் பெரும்பாலும் வருவது அடுக்குமாடிக்கும் மனைப்பிரிவுக்குமான (லேஅவுட்) அனுமதிக் கோப்புகள்தான்.

நகராட்சியில் கனவுக்கு நேரமே இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரை அரையடி தள்ளிக் கட்டிவிட்டார் என்ற மனுவோடு பொழுது விடியும். டேப், புல வரைபடம், பட்டா நகல் மூன்றும் பையிலேயே கிடக்கும். 2024 முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் விதிப்படி கட்டுகிறோம் என்று தாங்களே உறுதி கூறும் சுயசான்று முறையில் உடனே அனுமதி பெறலாம். அந்தக் கோப்பு மேசைக்கு வராது, சரி. விதியை மீறிக் கட்டினால் எழும் புகார் மட்டும் நேராக நம்மிடம்தான் வரும்.

நான் முதலில் சேர்ந்தது ஒரு சிறிய நகராட்சியில். அங்கே ஒரு வீட்டுக்குப் போனபோது வரைபடத்தில் ஒரு மீட்டர் செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடம்; நேரில் மதில்மேலேயே அறைச் சுவர் நின்றது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற நடத்துநர், ஓய்வின்போது வாங்கிய பணத்தையெல்லாம் அதில் போட்டிருந்தார். "கொத்தனார் பேச்சைக் கேட்டுக் கட்டிட்டேன் சார்" என்றார். நோட்டீஸ் கொடுத்தேன், கொடுத்துத்தான் ஆக வேண்டும். அன்று இரவு தூக்கம் வரவில்லை. விதிப் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் செட்பேக், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்பது அன்றுதான் புரிந்தது.

அனுமதியற்ற மனைப்பிரிவுகளும் அப்படித்தான். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது, 2017இல் அவற்றை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன, 20.10.2016 வரை விற்ற மனைகளுக்கு வழி பிறந்தது. ஆனால் தாளில் வரன்முறைப்படுத்தியதால் தெரு அகலமாகிவிடாது. பூங்கா இல்லை, தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லை, ஓடையை மனையாக்கி விற்ற இடத்தில் ஐப்பசி மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர். மழைக்காலத்தில் ஒருமுறை அந்தத் தெருவில் இறங்கி நடந்தவரின் கை, பிறகு கணினியில் சாலை வரையும்போது தானாக நிதானிக்கும்.

நகராட்சியின் கெட்ட பக்கத்தையும் மறைக்க மாட்டேன். கவுன்சிலர், புரோக்கர், கட்டுநர் என்று நெருக்கடி நாலா பக்கமும் வரும். முதல் மாதமே யாராவது கவர் நீட்டுவார். வாங்காதவர் என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால் அடுத்து நீட்டக் கொஞ்சம் தயங்குவார்கள். புதிய திட்டம் வரையும் வாய்ப்பு அரிது என்பதால் படித்த திட்டமிடல் துருப்பிடிப்பதும் உண்மை. கோயம்புத்தூர் போன்ற பெருநகரமே 1994 முழுமைத் திட்டத்தை வைத்து ஓட்டி, புதிய திட்டத்துக்கான வரைவைக் காண 2024 ஆனது.

டி.டி.சி.பி. இரண்டுக்கும் நடுவே. டி.என்.பி.எஸ்.சி. எழுதிப் போகலாம், எந்த மாவட்டத்துக்கும் மாற்றுவார்கள். ஊர் விளிம்பில் வயல் மனையாகும் கணத்தை அருகிலிருந்து பார்ப்பது இங்கேதான். முழுமைத் திட்டம் போன்ற எதுவும் இல்லாத, திட்டமில்லாப் பகுதியில் விவசாய நிலத்தை மாற்றக் கேட்டால் வேளாண் துறை, வருவாய்த் துறை அறிக்கைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக வாங்கியே தீர வேண்டும். அந்த இடம் பள்ளத்திலா, பிள்ளைகள் விளையாடும் இடத்திலா என்பது வரைபடத்தைப் பார்க்கும் நம் கண்ணைப் பொறுத்தது. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதையே சொல்வேன்.

மற்றவர்களுக்கு என் பதில் நகராட்சி, இரண்டு மூன்று ஆண்டு மட்டும். அந்தக் காலத்தில் கணினி வரைபட மென்பொருளான ஜி.ஐ.எஸ்.ஸை விடாமல் இரவிலாவது தொட்டுக்கொண்டிருங்கள்; அடுத்த தேர்வுக்கும் படியுங்கள். சி.எம்.டி.ஏ.விலேயே முதலில் இடம் கிடைத்தால் விட வேண்டாம். ஆனால் களஆய்வுக்குப் போகும் பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.